சிரிப்பை எந்த நரம்பிடம் ஒப்படைப்பது? முகவாதத்துக்குப் பின் அறுவை சிகிச்சை யோசிப்பவர்களுக்கு

முகவாதம் வந்து ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகியும் ஒரு பக்கம் அசையாதவர்கள் பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்துவிட்டு வரும்போது, இரண்டு மூன்று அறுவை சிகிச்சைகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். பிசியோதெரபிஸ்டான என்னிடம் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எதுல வாய் நல்லாத் தூக்கும்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அந்தப் புதுச் சிரிப்புக்கு ஆணை எங்கிருந்து வரும்? முக நரம்பிலிருந்தா, கடிக்கும் தசையின் நரம்பிலிருந்தா, நாக்கின் நரம்பிலிருந்தா? தசை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தாலும், அதை ஆட்டுவிக்கும் மூளைப் பகுதி நரம்புக்கு நரம்பு வேறு. சிரிப்பு தானாக வருமா, நினைத்தால்தான் வருமா என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. அதனால் மூளையிலிருந்தே தொடங்குகிறேன்.

மூளையின் மேற்பரப்பில் அசைவுகளுக்கென்று ஒரு பட்டை இருக்கிறது. அதில் கைக்குப் பக்கத்தில் முகம், அதை ஒட்டித் தாடை, நாக்கு என்று வரிசை. முகத்துக்கு இந்தப் பட்டை மட்டும் போதாது. குரங்குகளில் நரம்பு வழிகளைத் தேடிப் பார்த்த ஆய்வுகள், முகத்துக்கு ஆணை அனுப்பும் இடங்கள் ஒவ்வொரு பாதி மூளையிலும் ஐந்து இருப்பதைக் காட்டின. அவற்றில் இரண்டு, உணர்ச்சியோடு தொடர்புள்ள உட்புறப் பகுதியில் இருக்கின்றன. போட்டோவுக்காகச் சிரிப்பதும் பேரனைப் பார்த்ததும் சிரிப்பதும் வெவ்வேறு வழியாக இறங்கி, மூளைத்தண்டில் உள்ள ஏழாம் நரம்பின், அதாவது முக நரம்பின், உட்கருவில்தான் (அந்த நரம்பு புறப்படும் உயிரணுக் கூட்டம்) ஒன்று சேர்கின்றன. பக்கவாதம் வந்தவர்களிடம் இதைக் கண்ணால் பார்க்கலாம். சிலரைச் சிரிக்கச் சொன்னால் வாய் கோணும். வேடிக்கையாக ஏதாவது நடந்தால் இரண்டு பக்கமும் சமமாக மலரும். வேறு சிலருக்கு இது அப்படியே தலைகீழ்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நெற்றித் தசைக்கு மூளையின் இரு பக்கத்திலிருந்தும் ஆணை வருகிறது. வாய் கோணி, நெற்றி மட்டும் சரியாகச் சுருங்கினால் பழுது மூளையில் இருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

முக நரம்பு அறுந்தால் மூளையில் அதற்கான இடம் என்ன ஆகும்? 1980களின் இறுதியில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் சேன்ஸ், ஜான் டானஹ்யூ குழுவினர் வளர்ந்த எலிகளின் முக நரம்பை வெட்டிவிட்டு மூளையைத் தூண்டிப் பார்த்தார்கள். மீசை முடிகளை அசைத்துவந்த பகுதி, சில மணி நேரத்துக்குள் முன்னங்காலை அசைக்கத் தொடங்கியிருந்தது. ஆளில்லாத மனைக்குள் பக்கத்து வேலி நகர்ந்து வருவது போல. அத்தனை சீக்கிரம் புது நரம்பு இழை வளர்ந்திருக்க முடியாது. அந்த இணைப்புகள் முன்பே இருந்தவை, அடக்கி வைக்கப்பட்டிருந்தவை. அடக்குமுறை தளர்ந்ததும் வெளியே வந்தன. 1991இல் டானஹ்யூவும் ஜேக்கப்ஸும், அடக்கும் வேதிப்பொருளை மருந்தால் தடுத்தாலே இதே மாற்றம் வருவதைக் காட்டினார்கள். மனிதர்களில், ஒரு பக்க முகவாதம் வந்தவர்களை ஜெர்மனியில் ரைன்ட்யஸ் குழுவினர் பரிசோதித்து 1997இல் வெளியிட்டார்கள். கைத் தசைக்கான பகுதி முகத்தின் பகுதியை நோக்கி விரிந்திருந்தது.

இதைக் கேட்டதும் பயந்து, "அப்போ என் மூளையில முகத்தோட இடமே போயிடுச்சா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. வெளிவந்த இணைப்பை மறுபடி அடக்கவும் முடியும், பழைய இணைப்பைப் பயிற்சியால் வலுப்படுத்தவும் முடியும். கீழே சொல்லப்போகும் சிகிச்சைகளில் பாதி பலன் இந்த நெகிழ்வை நம்பித்தான் இருக்கிறது. கடிக்கும் நரம்பைக் கொண்டு சிரிக்க வைக்க முடிகிறதென்றால், தாடைக்கும் முகத்துக்கும் இடையில் மூளை புதிதாக ஓர் உறவு ஏற்படுத்திக்கொள்கிறது என்றுதான் பொருள்.

முதலில், யாருக்கு அறுவை சிகிச்சை பற்றிய பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாமல் ஓரிரு நாளில் வரும் பெல்ஸ் பால்சியில் பெரும்பாலோர் தானாகவே தேறுகிறார்கள். கோபன்ஹேகனில் பீட்டர்சன் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த நோயாளிகளில், சிகிச்சையே இல்லாமல் 71% பேர் முழுமையாகக் குணமானார்கள். 85% பேருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கியது. மீதிப் பேருக்கு அது தொடங்க மூன்று முதல் ஐந்து மாதம் ஆனது. 2007இல் வந்த ஸ்காட்லாந்து ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியவர்களில் 94% பேர் ஒன்பது மாதத்தில் முழுமையாகத் தேறியிருந்தார்கள். அந்த மருந்து எடுக்காதவர்களில் 82% பேர். ஆகவே முதல் மூன்று நாளில் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்குவதும், மூடாத கண்ணைச் சொட்டு மருந்தாலும் இரவில் களிம்பாலும் காப்பதும்தான் அப்போதைய வேலை. காதில் கொப்புளத்தோடு வந்த முகவாதம் வேறு வகை. அது மீள்வது கடினம் என்பதால் இன்னும் அவசரம்.

இந்தக் கட்டத்தில் வீட்டில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். பபுள்கம் மெல்லு, பலூன் ஊது, கரண்ட் வை. மெல்லும் தசைக்கு ஐந்தாம் நரம்பு. முகவாதத்தில் அதற்குப் பழுதே இல்லை, ஆகவே பபுள்கம்மால் முகத் தசைக்கு வேலை கிடைக்காது. பலூனை முழு மூச்சோடு ஊதும்போது நல்ல பக்கம்தான் இன்னும் பலமாக இழுக்கும். கரண்ட் சிகிச்சைக்கு உறுதியான ஆதாரம் இல்லை. பிசியோதெரபி ஆய்வுகளை 2011இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, எந்த முறைக்கும் உயர்தர ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. ஆளுக்கேற்ப வகுத்த முகப் பயிற்சி, நாள்பட்ட, நடுத்தர முகவாதத்தில் உதவலாம் என்பதற்கு மட்டும் ஓரளவு ஆதாரம் இருந்தது. என் தொழிலைப் பற்றிய அந்த முடிவை நான் ஏற்றுக்கொள்கிறேன். பார்த்தவரை எனக்குப் பலன் தந்தது கண்ணாடி முன் மெதுவாக, சிறிதாக, இரண்டு பக்கமும் சமமாகச் செய்யும் அசைவுதான். முகத் தசைகளில் நீட்சியை உணரும் உறுப்புகள் மிகக் குறைவு. கையைக் கண்ணை மூடிக்கொண்டு எங்கே தூக்கியிருக்கிறோம் என்று சொல்லிவிடலாம், உதட்டோரம் எவ்வளவு உயர்ந்தது என்று அப்படிச் சொல்ல முடியாது. கண்ணாடி இல்லையென்றால் மூளைக்குப் போதிய தகவல் போகாது.

தேறியவர்களில் ஒரு பகுதியினருக்கு வேறொரு தொல்லை. வளரும் நரம்பு இழைகள் தடம் மாறிப் போய், கண்ணை மூடினால் வாய் இழுக்கும், சிரித்தால் கண் சுருங்கும். அவர்களுக்கு வேண்டியது அறுவை சிகிச்சையைவிட மறுபயிற்சியும் போட்டாக்ஸ் ஊசியும். ஊசி மூன்று நான்கு மாதம் அந்தத் தசையை அமைதியாக்கும். அந்த இடைவெளியில் கண்ணையும் வாயையும் தனித்தனியே அசைக்கப் பழகவேண்டும். ஊசி மட்டும் போட்டுக்கொண்டு பயிற்சியை விட்டவர்களுக்கு, மருந்து இறங்கியதும் பழைய இழுப்பே திரும்பி வருவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இனி, நரம்பு உண்மையிலேயே போய்விட்டவர்கள். காது நரம்புக் கட்டி அறுவையில் முக நரம்பு அறுபட்டவர்கள், விபத்தில் இழந்தவர்கள், உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்க்காக நரம்பையும் சேர்த்து எடுக்க நேர்ந்தவர்கள், பிறவியிலேயே இல்லாதவர்கள். இவர்களுக்கு ஒரு கடிகாரம் ஓடுகிறது. நரம்பில்லாத தசை ஏறக்குறைய 18 முதல் 24 மாதத்தில் திரும்பப் பயன்படாத அளவுக்குச் சுருங்கிவிடும். நரம்பு வளர்வது நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். அந்தக் கெடுவுக்குள் வந்தால் சொந்த முகத் தசைக்கே புது நரம்பு கொடுக்கலாம். தாண்டிவிட்டால் தசையையே வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். நரம்பு துண்டானது உறுதியாகத் தெரிந்த பிறகு, "இன்னும் ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லி அந்தக் காலத்தைக் கரைத்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வேதனை தருவது.

கெடுவுக்குள் வந்தவர்களுக்குப் பழைய வழி, நாக்கு நரம்பை முக நரம்போடு இணைப்பது. ஜெர்மனியின் கோர்ட்டே 1901இல் செய்தது. வலுவான நரம்பு, சும்மா இருக்கும்போதும் முகத்துக்கு ஓரளவு தாங்குதிறன் தரும், கன்னம் தொங்காது. முழு நரம்பையும் எடுத்துக்கொண்டால் பாதி நாக்கு சூம்பும். பேச்சிலும் சோற்றைப் பிசைந்து விழுங்குவதிலும் தடுமாற்றம் வரும். இன்று பலர் நரம்பின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கிறார்கள், அதனால் நாக்கின் சேதம் குறைகிறது. என்றாலும் சிரிக்க நாக்கைத் தள்ள வேண்டும். அதோடு முகம் முழுக்க ஒரே இழுப்பாக அசையும். நாக்கு, நாம் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் அசைகிற உறுப்பு. அதைச் சிரிப்புக்கு மட்டும் தனியாக ஒதுக்கி வைக்க மூளை சிரமப்படுகிறது. அதனால் சிரிப்புக்காக மட்டும் என்றால் இதை நான் கடைசியில் வைப்பேன். முகத்தின் தளர்வைத் தாங்க மட்டும் என்றால் சிலருக்கு இது பொருந்தும்.

கடிக்கும் தசையான மாசெட்டரின் நரம்பிலிருந்து ஒரு கிளையை எடுத்து முக நரம்போடு இணைப்பது இன்னொரு வழி. இரண்டும் முகத்தில் அருகருகே இருப்பதால் இடையில் ஒட்டு நரம்பு பெரும்பாலும் தேவைப்படாது. அசைவு சில மாதத்திலேயே வரும். ஒரு கிளை போனதால் மெல்லும் வலு கண்ணில் படுமளவு குறைவதில்லை.

இப்போது கெடு தாண்டியவர்கள். எனக்கு அதிகம் கேள்வி வருவது இவர்களிடமிருந்துதான், சிக்கலும் இங்கேதான் அதிகம். தொடையின் உட்புறத்திலிருந்து கிராசிலிஸ் என்னும் தசையில் ஒரு மெல்லிய துண்டை அதன் ரத்தக்குழாய், நரம்போடு எடுத்துக் கன்னத்தில் வைத்து, நுண்ணோக்கியின் கீழ் இணைப்பார்கள். 1976இல் ஜப்பானில் ஹரீயும் அவர் குழுவினரும் வெளியிட்டது இந்த முறையின் தொடக்கம். தொடைக்குப் பெரிய இழப்பில்லை, நடை மாறாது. கேள்வியெல்லாம், கன்னத்துக்கு வந்த அந்தத் தசையை எந்த நரம்போடு இணைப்பது என்பதில்தான்.

ஒன்று, நல்ல பக்கத்து முக நரம்பு. கணுக்கால் பக்கமிருந்து ஒரு நரம்பை எடுத்து, நல்ல கன்னத்தின் சிரிப்புக் கிளை ஒன்றோடு இணைத்து, மேலுதடு வழியாக மறு பக்கத்துக்கு ஓட்டிவிடுவார்கள். 1970களின் தொடக்கத்தில் ஸ்காரமெல்லாவும் ஸ்மித்தும் கொண்டுவந்த யோசனை. முக நரம்பின் கிளைகள் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதால், ஒன்றை எடுத்தாலும் நல்ல பக்கம் பெரிதாகப் பாதிப்பதில்லை. பாதத்தின் வெளிப்புறம் மரத்துப்போகும், அவ்வளவுதான். ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை கழித்து, நரம்பு மறு பக்கம் வந்து சேர்ந்ததும், இரண்டாவது அறுவையில் தசையை வைப்பார்கள். முதல் அறுவையிலிருந்து சிரிப்பு வரை ஒன்றரை வருஷம் அல்லது அதற்கு மேல் ஆகும்.

இத்தனை பொறுமைக்கு மூளைப் பக்கத்திலிருந்து கிடைக்கும் பரிசு பெரிது. ஆணை ஏழாம் நரம்பின் உட்கருவிலிருந்தே வருகிறது. வேண்டுமென்று சிரிக்கும் வழியும், உள்ளிருந்து பொங்கும் சிரிப்பின் வழியும் இரண்டுமே அங்கே வந்து சேர்வதால், நல்ல பக்கம் சிரிக்கும்போது இந்தப் பக்கமும் கூடவே சிரிக்கும். மூளை புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. குறை என்னவென்றால் வலு. நீண்ட ஒட்டு வழியாக மறு முனைக்கு வந்துசேரும் இழைகள் சில நூறு மட்டுமே. மாசெட்டர் கிளையில் ஆயிரத்துக்கும் மேல். அதனால் சிரிப்பு சிறியதாக இருக்கும், சிலருக்குப் போதுமான அளவு அசையாமலே போகும். வயது கூடக் கூட இந்த ஆபத்து கூடுகிறது. குழந்தைகளுக்கு நரம்பு வேகமாகவும் வலுவாகவும் வளரும் என்பதால், ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைக்கு இதையே முதலில் கேட்டுப் பாருங்கள் என்று பெற்றோரிடம் சொல்வேன்.

இரண்டாவது, மாசெட்டர் நரம்பு. ஒரே அறுவை, பலமான இழுப்பு, இரண்டு முதல் நான்கு மாதத்தில் அசைவு. ஆனால் ஆணை ஐந்தாம் நரம்பிலிருந்து வருகிறது, ஆகவே முதலில் பல்லைக் கடித்தால்தான் சிரிப்பு. இங்கேதான் மூளையின் நெகிழ்வு முடிவெடுக்கும் விஷயமாகிறது. டொரன்டோவில் மான்க்டெலோ, சூக்கர் குழுவினர் 16 முதல் 61 வயது வரையிலான 27 பேரைத் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். 85% பேர் பல்லைக் கடிக்காமலே சிரிக்கக் கற்றுக்கொண்டார்கள். நினைக்காமலே சிரிப்பு வழக்கமாக வந்ததாக 59% பேர் சொன்னார்கள். எப்போதாவது வந்ததாக 29% பேர். வயதுக்கும் இந்தத் திறனுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஐம்பது தாண்டியவர்கள் வந்து உட்காரும்போது நான் முதலில் சொல்வது இந்தக் கடைசி விவரத்தைத்தான்.

இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அந்த எண்கள் நோயாளிகளே சொன்னவை. நகைச்சுவைக் காட்சியைப் போட்டு, முகத்தைக் கேமராவில் பதிவு செய்து பார்த்த பின்வந்த ஆய்வுகளில் தானாக வரும் சிரிப்பின் அளவு இதைவிடக் குறைவு. தன் சிரிப்பு தானாக வருகிறது என்று ஒருவர் உணர்வதும் அது கேமராவில் தெரிவதும் ஒன்றல்ல. ஆனாலும் ஒருவருடைய உணர்வை நான் ஒதுக்கமாட்டேன், அந்த முகத்தோடு வாழ்கிறவர் அவர்தானே.

மாசெட்டர் நரம்பால் தானாகச் சிரிக்கப் பழகுவது ஏன் சாத்தியம், நாக்கு நரம்பால் ஏன் அவ்வளவு சாத்தியமில்லை? மூளைப் பட்டையில் முகமும் தாடையும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தாற்போல் கிடக்கின்றன. அதோடு, எந்தக் குறையும் இல்லாதவர்கள் சிரிக்கும்போதே கணிசமானோருக்கு மாசெட்டர் லேசாக வேலை செய்வதைத் தசை மின்பதிவுகள் காட்டியிருக்கின்றன. அதாவது சிரிப்புக்கும் கடிக்கும் தசைக்கும் ஏற்கெனவே ஒரு பழக்கம் இருக்கிறது; பயிற்சி அதைப் பலப்படுத்துகிறது. குறைகள் இரண்டு. சாப்பிடும்போது கன்னம் துடிக்கும். வாய் சும்மா இருக்கும்போது உதட்டோரத்துக்குத் தாங்கல் குறைவு, அதற்கு வேண்டுமானால் தனியாக ஒரு நாண் வைத்துத் தூக்கிக் கட்டுவார்கள். பிறவியிலேயே இரு பக்கமும் முக நரம்பு இல்லாத மோபியஸ் குழந்தைகளுக்குக் கடன் வாங்க நல்ல பக்கமே கிடையாது. அவர்களுக்குப் பெரும்பாலும் மாசெட்டர்தான் வழி.

நெற்றிப்பொட்டில் உள்ள, மெல்ல உதவும் தசையை இறக்கி உதட்டோரத்தில் கட்டுவது தனி வகை. பிரான்சின் லாபே 1990களில் செம்மைப்படுத்தியது. ரத்தக்குழாய் இணைக்கும் நுண்வேலை இல்லை, நேரம் குறைவு. வயதானவர்கள், இதய நோயுள்ளவர்கள், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள் இதை யோசிக்கலாம். இதற்கும் ஆணை ஐந்தாம் நரம்பே. பயிற்சியைப் பிரெஞ்சுக் குழுவினர் மூன்று படியாகச் சொல்கிறார்கள்: முதலில் தாடையை அசைத்துச் சிரிப்பது, பிறகு தாடை அசையாமல் வேண்டுமென்று சிரிப்பது, கடைசியில் தானாகச் சிரிப்பது. மூன்றாம் படியை எல்லோரும் எட்டுவதில்லை.

இப்போது சில சர்ஜன்கள் ஒரே தசைக்கு இரு நரம்பும் கொடுக்கிறார்கள்: வலுவுக்கு மாசெட்டர், தானாக வருவதற்கு எதிர்ப் பக்க முக நரம்பு. யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கால் நரம்பு எடுப்பதும் கூடுதல் நேரமும் சேரும்; இரண்டில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்தறிவதும் எளிதல்ல.

என்னைக் கேட்டால், ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைக்கும் இளம் வயதினருக்கும் எதிர்ப் பக்க நரம்பு. நாற்பது தாண்டியவருக்கு மாசெட்டர், அல்லது அனுபவமுள்ள குழு கிடைத்தால் இரண்டும். வகுப்பில் நின்று பாடம் நடத்துபவர், கடையில் ஆட்களோடு பேசிக்கொண்டே இருப்பவர் போன்றோருக்கு, வயதைப் பார்க்காமல் தானாக வரும் சிரிப்புக்குக் கூடுதல் மதிப்பு கொடுப்பேன். ஒவ்வொரு சிரிப்புக்கும் முன்னால் தாடையை நினைத்துக்கொள்வது, ஒரு நாள் முழுக்கச் செய்தால் களைத்துவிடும் வேலை. மறுபடி இரண்டாவது அறுவைக்கு வரவே முடியாத வெளியூர்க் குடும்பத்துக்கோ, ஒரே தடவையில் முடியும் முறையின் அருமை வேறு யாரையும்விட அதிகம்.

சர்ஜனிடம் கேட்க வேண்டியவை: இந்த முறையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேர் நினைக்காமல் சிரிக்கிறார்கள், போட்டோ மட்டுமல்லாமல் பேசிக்கொண்டிருக்கும்போது எடுத்த வீடியோ காட்ட முடியுமா. பேசும்போது எடுத்த வீடியோவில், போட்டோவில் தெரியாதது தெரிந்துவிடும்.

மாசெட்டரைத் தேர்ந்தெடுத்தால், பயிற்சியை அறுவைக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். கன்னத்தில் விரல் வைத்து, கடைவாய்ப் பல்லை மெதுவாகக் கடித்து, தசை எங்கே திரள்கிறது என்று கண்டுகொள்ளுங்கள். வலது, இடது தனித்தனியே கடிக்கப் பழகுங்கள். அறுவைக்குப் பிறகு முதல் அசைவு தெரிந்ததும், கண்ணாடி முன் கடித்து, உதட்டோரம் நல்ல பக்கத்தின் உயரத்துக்கு வந்ததும் நிறுத்தப் பழகுங்கள், அதைத் தாண்ட வேண்டாம். அது கைவந்ததும் பல்லோடு பல் படாமல் கடிப்பதாக நினைத்து மட்டும் தூக்கிப் பாருங்கள். பிறகு கண்ணாடியை வைத்துவிட்டு, வீட்டில் உள்ளவர்களோடு பேசிக்கொண்டே செய்யுங்கள். ஒரு நாளில் ஒரு முறை நீளமாகச் செய்வதைவிட, ஐந்து நிமிஷமாகப் பல முறை செய்வது நல்லது. தசையும் கவனமும் சோர்ந்த பிறகு செய்யும் அசைவு கோணலாகவே பதியும். இதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும். அந்த மாதங்களில் கூடவே இருந்து பார்த்துச் சொல்ல ஒரு பிசியோதெரபிஸ்ட் கிடைப்பாரா என்பதை, அறுவைக்குத் தேதி வாங்கும் முன்பே அந்த மருத்துவமனையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.